கடன் கணக்குப் பார்க்கும் பிள்ளைகள்

வில்லியம்ஸ்பேர்க், வேர்ஜினியா
தை 2026

அன்புள்ள அப்பா, அம்மா,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பொங்கலன்று தொலைபேசியில், "சீனாவை வேவு பார்க்கிற வேலையா பிள்ளை? அமெரிக்கன் சும்மா காசு தருவானா?" என்று அப்பா கேட்டீர்கள். பின்னால் வெடிச்சத்தம், சின்னவளின் கத்தல். ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான், அதனால் ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன், அம்மா அதைத்தான் தேடுவா. இது சின்ன ஊர். நடுவில் நீளமான தெரு ஒன்று, 18ஆம் நூற்றாண்டில் இருந்த மாதிரியே பேணி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து உடுப்புப் போட்டவர்கள் கொல்லன் பட்டறையில் இரும்பு அடித்துக் காட்டுவார்கள், குதிரை வண்டியும் ஓடும். தெருவின் மேற்கு அந்தத்தில் வில்லியம் அண்ட் மேரி பல்கலைக்கழகம். 1693இல் தொடங்கியது, பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தோமஸ் ஜெபர்சன் படித்த இடம். இப்போது சரியான குளிர். தமிழ்ச் சனம் மிகக் குறைவு. கறிச்சாமான் வாங்க ரிச்மண்ட் பக்கம் ஒரு மணித்தியாலம் போக வேண்டும். அம்மா தந்துவிட்ட தூள் இன்னும் இருக்கிறது, யோசிக்க வேண்டாம்.

சரி, வேலைக்கு வருகிறேன். இந்தப் பல்கலைக்கழகத்தில் நான் இருக்கிற ஆய்வுக்கூடத்தின் பெயர் எய்ட்டேட்டா. 2000ஆம் ஆண்டிலிருந்து சீனா எந்த நாட்டுக்கு எவ்வளவு கடன் கொடுத்தது, எவ்வளவு நன்கொடை, என்ன வட்டி, எதைப் பிணை வைத்தார்கள் என்று திட்டம் திட்டமாகப் பதிகிறார்கள். சீன அரசு இப்படி ஒரு பட்டியலை வெளியிடுவதில்லை. ஆகவே கடன் வாங்கிய நாடுகளின் நிதி அமைச்சுப் பதிவேடுகள், பாராளுமன்றத்தில் சமர்ப்பித்த ஒப்பந்தங்கள், சீனத் தூதரகங்களின் அறிவிப்புகள், உள்ளூர்ப் பத்திரிகைகள் என்று எல்லா இடத்திலிருந்தும் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும்.

இதைச் செய்கிறவர்கள் யார் தெரியுமா அப்பா? பெரும் பகுதி 19, 20 வயதுப் பிள்ளைகள். வகுப்பு முடிந்து பை தோளில் தொங்க வருவார்கள். ஒருத்தி சீன மொழியில் தூதரக அறிவிப்பு வாசிப்பாள், பக்கத்தில் ஒரு பெடியன் அங்கோலாவின் போர்த்துக்கேய ஆவணத்தோடு மல்லுக்கட்டுவான். ஒரே பாலத்தைப் பற்றி மூன்று பத்திரிகை மூன்று தொகை எழுதியிருக்கும். ஒன்று வாக்குறுதி, ஒன்று கையெழுத்தான கடன், மற்றது வெறும் பேச்சு. மூன்றையும் மூன்று திட்டமாகக் கூட்டிவிட்டால் கணக்கே பொய். ஒருவர் பதிந்ததை இன்னொருவர் திரும்பப் பார்ப்பார். நீங்கள் கச்சேரி அலுவலகத்தில் வவுச்சரையும் லெட்ஜரையும் வரி வரியாக ஒப்பிட்ட அதே வேலைதான். அந்தப் பொறுமையை இந்தப் பிள்ளைகளிடம் பார்க்கும்போது எனக்கு உங்கள் ஞாபகம்தான் வரும்.

தலைமை தாங்குகிற பிராட் பார்க்ஸும் ஒரு காலத்தில் இங்கே மாணவர். மைக் டியர்னி என்ற பேராசிரியரும் அவரும் இன்னும் சிலரும் சேர்ந்து 2003 அளவில் தொடங்கிய வேலை, 2009இல் எய்ட்டேட்டா ஆனது. இவர்களோடு சேர்ந்து எழுதுகிற ஒஸ்டின் ஸ்ட்ரேஞ்சும் இங்கே படித்தவர்தான், இப்போது ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கிறார்.

இனி உங்கள் காசுக் கேள்வி. ஆம், வெளிநாட்டு உதவி கொடுத்த யூஎஸ்எயிட் நிறுவனம் உட்பட அமெரிக்க அரசுப் பணம் பல வருடம் வந்தது. அதை ஒளிக்கவில்லை. ஆனால் எண்களைப் பாருங்கள். 2013இல் ஆபிரிக்கா பற்றி முதல் தரவை வெளியிட்டபோது, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பேராசிரியை டெபோரா ப்ராட்டிகம், பத்திரிகைச் செய்தியை நம்பி எழுதிய கணக்கு இது என்று பகிரங்கமாகக் கண்டித்தார். அதற்குப் பிறகு முறையையே இறுக்கினார்கள். எல்லாத் தரவும் இலவசம், யாரும் இறக்கிப் பிழை பிடிக்கலாம். போன கார்த்திகையில் வந்த அறிக்கையில், சீன அரச வங்கிகளின் பணத்தை அதிகம் பெற்ற நாடு அமெரிக்காதான், 200 பில்லியன் டொலருக்கு மேல் என்று இவர்களே எழுதினார்கள். வேவு பார்க்கிறவர்கள் தங்கள் வீட்டுக் கணக்கை இப்படித் திறந்து வைப்பார்களா?

எனக்கு நெஞ்சைத் தொட்டது வேறு. 2021இல் வேறு மூன்று நிறுவனங்களோடு சேர்ந்து, 24 நாடுகள் சீனாவோடு செய்த 100 கடன் ஒப்பந்தங்களைத் தேடி எடுத்து அப்படியே வெளியிட்டார்கள். அவற்றில் 2014க்குப் பிறகு எழுதிய ஒவ்வொன்றிலும் இரகசியம் காக்கும் நிபந்தனை உண்டு. கடனைக் கட்டப்போவது சனம், நிபந்தனை சனத்துக்குத் தெரியக்கூடாது. இதை எந்த நாடு செய்தாலும் அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

எங்கள் இலங்கையையே எடுங்கள். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கடனுக்காகச் சீனாக்காரன் பிடுங்கினான் என்று சந்தியில் எல்லோரும் கதைப்பார்கள். 2017இல் அதைச் சீன நிறுவனத்துக்கு 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்து வந்த 1.12 பில்லியன் டொலர் அந்தக் கடனைக் கழிக்கப் போகவில்லை, டொலர் கையிருப்புக்குப் போனது. துறைமுகக் கடன் எங்கள் தலையில்தான் இருந்தது. மறுபக்கம், நாட்டின் வெளிநாட்டுக் கடனில் சீனக் கடன் வெறும் 10 வீதம் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது. உமேஷ் மொரமுதலி, திலின பண்டுவாவல என்ற எங்கள் நாட்டு ஆய்வாளர் இருவர் 2022இல் ப்ராட்டிகமின் நிலையத்துக்காகக் கணக்குப் பார்த்தார்கள். அரச கூட்டுத்தாபனங்களின் பெயரில் கிடந்த கடனையும் சேர்த்தால், 2021 முடிவில் கிட்டத்தட்ட 20 வீதம். சந்திக் கதையும் பிழை, அரசாங்கக் கணக்கும் பிழை. வரி வரியாகப் பார்த்தவர்களால்தான் இரண்டும் வெளிச்சத்துக்கு வந்தது. இந்த வேலையில் நான் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான் அப்பா.

நீங்கள் வவுனியாவுக்குப் போகிற ஏ9 வீதியைத் திருத்தியதிலும் சீன அரசின் எக்சிம் வங்கிக் கடன் இருக்கிறது. தம்பியிடம் சொல்லி எய்ட்டேட்டா தரவில் இலங்கைப் பக்கத்தை இறக்கித் தரச் சொல்லுங்கள். வடக்கில் நடந்த வேலைகளை நீங்கள் கண்ணால் கண்டவர். திகதியோ இடமோ பிழையாகப் பட்டால் ஒரு தாளில் குறித்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை எடுக்கும்போது கேட்டு எழுதிக்கொள்கிறேன்.

அப்புறம், அம்மாவின் கண் பரிசோதனைக்குக் காசு அனுப்பியிருக்கிறேன். இந்த மாதமே போங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்,
சுபா