12ஆம் வினாவுக்குப் 'பிழை' என்பதே சரியான விடை

திருகோணமலையில் விண்ணியல் வினாடி வினா நடத்திய ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். அன்று மண்டபத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். விடைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு உங்கள் மேசைக்கு வந்து நின்ற ஆசிரியை நான்தான். "புள்ளித்திட்டத்தில உள்ளபடிதான் போட்டிருக்கிறம் டீச்சர்" என்று சொல்லி அனுப்பினீர்கள். எழுத்தில் தரச் சொன்னீர்கள், தந்தேன். மூன்று கிழமையாகிறது. பதில் இல்லாதபடியால் எல்லாரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

வினா இதுதான்: "சிறுகோள்களுக்குக் கிரேக்க, உரோமத் தெய்வங்களின் பெயர்கள் மட்டுமே சூட்டப்படுகின்றன. சரியா, பிழையா?" சிறுகோள்கள் என்றால் சூரியனைச் சுற்றும், கோள்களைவிடச் சிறிய பொருள்கள். என் மாணவி 'பிழை' என்று எழுதினாள். அதற்குச் சிவப்புப் பேனையால் குறுக்குக் கோடு. அந்த ஒரு புள்ளியால் அடுத்த கட்டத்துக்குப் போகும் குழுவில் அவளுக்கு இடமில்லாமல் போனது.

புள்ளித்திட்டம் எழுதியவர் முதலில் கண்டுபிடிக்கப்பட்டவற்றை நினைத்திருக்கலாம். 1801 ஜனவரி 1ஆம் திகதி இத்தாலியின் பலெர்மோவில் வானியலாளர் பியாசி கண்டதற்குத் தானியத் தெய்வமான சீரிஸின் பெயர். அடுத்து வந்த பல்லாஸ், ஜூனோ, வெஸ்டா மூன்றும் தெய்வங்களே. நாலோடு நின்றிருந்தால் உங்கள் விடை சரி. இன்று இலக்கம் பெற்ற சிறுகோள்கள் 7 இலட்சத்துக்கும் மேல். அவற்றில் பெயர் பெற்றவை 20,000ஐத் தாண்டிவிட்டன. அத்தனைக்கும் கிரேக்கத்திலும் உரோமிலும் தெய்வங்கள் இல்லை.

இராமானுஜன் என்றொரு சிறுகோள் இருக்கிறது, இலக்கம் 4130. ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் படித்த நம் கணித மேதையின் பெயர். 1988இல் அதைக் கண்டுபிடித்ததும் தமிழ்நாட்டில்தான், ஜவ்வாது மலைக் காவலூர் அவதான நிலையத்தில். சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்தின் பெயரில் 4538. இன்னொன்று, இலக்கம் 4923, எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் பெயரில். நம் சுவாமி மலையடிக் கடலில் முக்குளித்து, 1956இல் கோணேசர் கோயிலின் பழைய சிதைவுகளைக் கண்ட குழுவில் இருந்தவர் அவர். திருகோணமலையில் விண்ணியல் போட்டி வைப்பவர்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது.

இந்தப் பெயர்கள் யாரோ நினைத்தபடி வைத்தவையும் அல்ல. கண்டவுடன் கிடைப்பது ஒரு தற்காலிகக் குறியீடு மட்டும். பல வருடம் அவதானித்துப் பாதை உறுதியான பிறகுதான் நிரந்தர இலக்கம். அதன்பின் 10 வருடத்துக்குப் பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவருக்கு. ஏன் அந்தப் பெயர் என்று சில வரிகளில் விளக்கமும் எழுத வேண்டும். சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பணிக்குழு ஒன்று பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் பெயர் நிற்கும். ரோமன் எழுத்தில் 16க்கு மேல் போகக்கூடாது, ஒரே சொல்லாக இருந்தால் நல்லது, வியாபாரப் பெயர் கூடாது. அரசியலாலோ போராலோ அறியப்பட்டவரென்றால் இறந்து 100 வருடம் கழிய வேண்டும். ஆனந்தின் பெயர் 'விஷியானந்த்' என்று ஒட்டி எழுதப்பட்டிருப்பது ஏன் என்று வகுப்பில் கேட்டேன். "ஒரு சொல்லா வரவேணும் டீச்சர்" என்று உடனே சொன்னவள் இந்தப் பிள்ளைதான்.

அவளிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, இலக்கம், பெயர், பொருள் என்று மூன்று நிரல். எங்கள் பாடசாலையில் இணைய வசதி இல்லை. தாய் இரவு வேலையால் வந்த பிறகு, கண்ணாடி வெடித்த அந்தப் போனில், டேட்டா முடியும் வரைக்கும் பார்த்துப் பார்த்து எழுதியது. 61 பெயர்கள். முதல் பக்கத்தில் முதல் பெயர் 20000, வருணன். நெப்டியூனுக்கு அப்பால் சுற்றுவது, 2000 நவம்பரில் கண்டுபிடிக்கப்பட்டது. தகப்பன் கடற்றொழில் செய்பவர். நெய்தல் நிலத்துத் தெய்வத்தின் பெயரை அவள் முதலில் எழுதியது எனக்கு அதிசயமில்லை.

அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கணக்கு. வருணனின் தற்காலிகக் குறியீடு '2000 டபிள்யூ ஆர் 106'. டபிள்யூ என்றால் நவம்பரின் பிற்பாதி. ஆங்கில 'ஐ' எழுத்தை விட்டால் மிச்சம் 25 எழுத்து, அதில் ஆர் 17ஆவது. 106 என்பது அந்த 25 எழுத்தும் எத்தனை முறை முடிந்தது என்ற கணக்கு. 106ஐ 25ஆல் பெருக்கி 17ஐக் கூட்டினால் 2667. அந்த அரை மாதத்தில் பதிவான 2667ஆவது பொருள் வருணன். தரம் 9 பிள்ளை, ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல் செய்த கணக்கு இது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை; எனக்கே அவள்தான் காட்டினாள்.

முடிவு வந்த மறுநாள் அந்தக் கொப்பியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "நான் பிழையா எழுதி வைச்சிருக்கிறன் போல டீச்சர், இனி எனக்கு வேணாம்" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். பெரியவர்கள் பிழை என்று சொன்னதால், தான் கண்ணால் பார்த்ததையே பிழை என்று நம்பிவிட்டாள்.

12ஆம் வினாவின் விடையைத் திருத்துங்கள். அவளுக்குரிய புள்ளியைக் கொடுங்கள்.

இது ஒரு பிள்ளையோடு முடிகிற விஷயமும் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு வினாத்தாள் கடைசி நேரத்தில்தான் தமிழுக்கு வருகிறது. போன முறை 'கோள்' வரவேண்டிய இடத்தில் 'நட்சத்திரம்' என்று அச்சாகி, பிள்ளைகள் கால் மணித்தியாலம் முழித்துக்கொண்டு இருந்தார்கள். 'மட்டுமே' போன்ற ஒரு சொல் எங்கே நுழைந்தது என்று பார்க்க ஆள் இல்லை. மேன்முறையீட்டுக்குப் படிவம் இல்லை. கேட்கப் போனால், ஒரு புள்ளிக்கு இவ்வளவு சத்தமா என்ற பார்வை. மூதூர்ப் பக்கத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, சாப்பாட்டுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு வருகிற பிள்ளைக்கு அந்த ஒரு புள்ளி சிறியதல்ல.

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் சம்பளமில்லாமல் சனி, ஞாயிறு பாராமல் இந்தப் போட்டியை நடத்துவது எனக்குத் தெரியும். உங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் கேட்கிறேன்: 12ஆம் வினாவுக்குப் 'பிழை' என்று எழுதிய எல்லாப் பிள்ளைகளின் தாள்களையும் மறுபடி எடுத்துப் பாருங்கள். அடுத்த கட்டப் போட்டிக்கு முன் திருத்திய முடிவை, பிழை எதுவென்ற ஒரு வரியோடு, பாடசாலைகளுக்கு அனுப்பிவையுங்கள். அந்த வரியைத்தான் அவளிடம் காட்ட வேண்டும்.

கொப்பி என்னிடம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் நாளில் முதல் பஸ்ஸில் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
மூதூர்ப் பக்கத்து விஞ்ஞான ஆசிரியை