மனை எண்ணுக்கு முன்னால் கடை அளவு: காரைக்குடி மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: மேயர் அவர்கள், ஆணையர் அவர்கள், காரைக்குடி மாநகராட்சி, மாவட்ட ஆட்சியர் அவர்கள், சிவகங்கை.

வணக்கம்.

இரும்புக் கடை, மரவாடி, லேத் பட்டறை, பழைய சாமான் கிடங்கு எல்லாவற்றையும் ஊருக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும் என்ற பேச்சு காரைக்குடியில் வந்து வந்து போகிறது. 2024-இல் நகராட்சி மாநகராட்சியாகி, கோட்டையூர், கண்டனூர், சுற்றுவட்ட ஊராட்சிகள் உள்ளே வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு வலு கூடியிருக்கிறது. எல்லை பெருத்துவிட்டது, இனி இடத்துக்குப் பஞ்சமில்லை என்ற எண்ணம். பேச்சாக இருக்கும்போதே எழுதிவிடுவது நல்லது என்று இந்த மடலை எழுதுகிறோம். ஆணை வந்த பிறகு எழுதினால் அது ஆட்சேபணை மனு ஆகிவிடும்.

போகமாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. செக்காலை ரோட்டில் காலை ஒன்பது மணிக்கு ஒரு கம்பி லோடு இறங்கினால் பள்ளி வேன், ஆம்புலன்ஸ், டவுன் பஸ் எல்லாம் நிற்கின்றன. எங்கள் லாரியும்தான் நிற்கிறது. அதற்கு வெயிட்டிங் சார்ஜ் நாங்கள் கட்டுகிறோம். கொப்புடையம்மன் தேர் ஓடும் நாட்களில் லோடே இறக்க முடியாது. போக வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். கடையை அனுப்பிவிட்டு வெளியே மனை கொடுக்கும் மாற்று மனைத் திட்டங்கள் கெடுவது மூன்று கேள்விகளில்: யாருக்கு மனை, எவ்வளவு மனை, எந்தக் காகிதத்தை நம்பி மனை. இந்த மூன்றையும் மனைப்பிரிவு வரைபடம் போடுவதற்கு முன்னால் தீர்க்க வேண்டும். வரைபடம் போட்ட பிறகு கடைகளை அதற்குள் திணித்தால் திட்டம் நீதிமன்றத்தில்தான் போய் நிற்கும்.

முதலில் கணக்கெடுப்பு. இந்த ஊர்க் கடைகளை முகப்பு அகலத்தை வைத்து அளக்கவே கூடாது. நகரத்தார் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும், கடையும் அப்படித்தான். வாசலில் 12 அடி ஷட்டர் இருக்கும். உள்ளே போனால் வளவை (நடு முற்றத்தை) சுற்றிச் சரக்கு, இரண்டாம் கட்டில் சரக்கு, பின் தெரு வாசலில் லோடு இறங்கும். தெருவில் நின்று பார்த்துவிட்டு ‘சிறு கடை’ என்று எழுதிக்கொண்டு போனால், நூறடி நீளச் சரக்குக்குப் பத்துக்கு இருபது மனை வந்து சேரும். ஆகவே டேப் வைத்து உள்ளளவு எடுக்க வேண்டும். கடைக்காரர் கையெழுத்து, அளந்த அலுவலர் கையெழுத்து, இருப்பிடக் குறியுள்ள படம் மூன்றும் ஒரே தாளில் இருக்க வேண்டும். ஒரு தெருவை ஒரே நாளில் முடிக்க வேண்டும். நாலு நாள் இழுத்தால் ஐந்தாம் நாள் காலியாகக் கிடந்த திண்ணையில் புதிதாக ஒரு பெயர்ப்பலகை முளைத்திருக்கும்.

அடுத்தது பெயர்ப் பட்டியல். மனை கட்டிட உரிமையாளருக்கா, கடை நடத்துகிறவருக்கா? பெரும்பாலான கடைகள் வாடகைக் கடைகள். கட்டிடம் பங்காளிகள் பலருக்குப் பாத்தியப்பட்டதாக இருக்கும், அல்லது கோயிலுக்கோ அறக்கட்டளைக்கோ சேர்ந்ததாக இருக்கும். மின் இணைப்பு இறந்துபோன பாட்டனார் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். மின் அட்டையைக் கேட்டால் கடை நடத்துகிறவர் வெளியே போய்விடுவார், கட்டிடக்காரர் மனை வாங்கிவிடுவார். வெளியே போவது தொழில் என்பதால் மனையும் தொழில் நடத்துகிறவருக்கே என்று ஆணையின் முதல் வரியிலேயே எழுதுங்கள். ஆதாரமாகத் தொழில் உரிமம், தொழில் வரி ரசீது, ஜி.எஸ்.டி. பதிவு, சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு, வாடகை ரசீது, கடை முகவரிக்கு வந்த சரக்குப் பில் ஆகியவற்றில் ஏதாவது மூன்று போதும் என்று வையுங்கள். சின்னப் பட்டறைக்காரரிடம் ஜி.எஸ்.டி. எண் இருக்காது, சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பொதுவாக அவருக்கு அது தேவையே இல்லை. அதை மட்டும் கட்டாயமாக்கினால், மனை யாருக்கு மிகவும் தேவையோ அவர்தான் விடுபடுவார்.

உள்வாடகையும், அண்ணன் தம்பி கடையைக் குறுக்கே தடுத்துத் தனித்தனியாக நடத்துவதும் இங்கே சாதாரணம். ஒரு உரிமத்தில் இரண்டு கல்லா இருந்தால் இரண்டு பேரையும் எழுதி, மனையைப் பக்கத்துப் பக்கத்தில் கொடுங்கள். தகுதிக்கு ஒரு கெடு நாளை அறிவியுங்கள். அந்த நாள் அறிவிப்புக்கு முந்தையதாக இருக்க வேண்டும். வரைவுப் பட்டியலை அலுவலகப் பலகையோடு நிறுத்தாமல் அந்தந்தத் தெரு முனையிலும் ஒட்டி, 30 நாள் ஆட்சேபணைக்கு விடுங்கள். பக்கத்துக் கடைக்காரனுக்குத் தெரியாத போலி கிடையாது.

இப்போது மனை அளவு. எல்லாருக்கும் ஒரே அளவு என்பது கேட்க நியாயமாக இருக்கும், நடைமுறையில் வேலைக்கு ஆகாது. ஒரு கணக்குச் சொல்கிறோம். கட்டுமானக் கம்பி பொதுவாக 12 மீட்டர் நீளத்தில் வருகிறது, அதாவது 39 அடி 4 அங்குலம். 20-க்கு 40 மனையில் முன்னும் பின்னும் ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பினால் உள்ளளவு 38 அடி 6 அங்குலம். கம்பி பத்து அங்குலம் வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். சாலையில் போகிறவர் காலைக் கிழிக்கும். கம்பியை வளைத்து மடக்கி வைத்தால், வாங்குகிறவர் அதை நிமிர்த்தக் கூலி கேட்பார். இரும்புக் கடைக்கு ஆழம் 60 அடிக்குக் குறையக் கூடாது. அகலம் 25 அடி இருந்தால் சமாளிக்கலாம். லேத் பட்டறைக்கு 20-க்கு 30 தாராளம். மரவாடிக்குக் கூரை குறைவாகவும் திறந்த வெளி அதிகமாகவும் வேண்டும். பலகையை இடையில் குச்சி கொடுத்து அடுக்கிக் காற்றில் உலர்த்த வேண்டும், நெருக்கி அடுக்கினால் பூஞ்சை பிடித்து முறுக்கிக்கொள்ளும். ஆகவே தொழில்வாரியாக அளவு, தொழில்வாரியாகக் குலுக்கல். மொத்தக் குலுக்கல் போட்டால் அறுவை மில்லுக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வந்துவிடும். மரத்தூளும் தீப்பொறியும் ஒரு சுவருக்கு இரு பக்கம் இருக்கக் கூடாது.

கம்பி ஏற்றிவரும் டிரெய்லர் முன்வண்டியோடு சேர்த்து 50 அடிக்கு மேல் நீளும். வீட்டுமனைப் பிரிவுபோல 23 அடி, 30 அடிச் சாலை போட்டால் அது திரும்பாது. பின்னால் எடுத்தே வெளியே வர வேண்டும். பிரதான சாலை 60 அடி, உள் சாலை 40 அடி, சந்திகளில் மூலையைச் சரிவாக வெட்டியிருக்க வேண்டும். இதை வரைபடத்திலேயே செய்யாவிட்டால், இங்கே இருக்கும் அதே நெரிசலை அங்கே புதிதாகக் கட்டிக்கொள்வோம்.

நிலத்தைத் தேர்ந்தெடுப்பதில் இன்னும் கவனம் வேண்டும். செட்டிநாட்டில் காலியாகக் கிடக்கும் பெரிய பரப்பு பல இடங்களில் கண்மாயாகவோ, கண்மாய்க்குப் போகும் வரத்துக் கால்வாயின் வழியாகவோ இருக்கும். மழை வீட்டு வளவில் விழுந்து, தெருக் கால்வாயில் ஓடி, ஊரணியில் சேர வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய ஊர் இது. நீர்நிலைப் புறம்போக்கில் மனை கொடுத்தால் யாராவது ஒருவர் வழக்குப் போட்டாலே போதும், மொத்த ஒதுக்கீடும் நின்றுவிடும். 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. நிலம் எந்த வகை என்று சொல்லும் ‘அ’ பதிவேட்டையும், அதன் எல்லையைக் காட்டும் புலப்படத்தையும் எங்களுக்கு முதலிலேயே காட்டுங்கள். ஒரு ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்த பிறகு நிலத்தை முடிவு செய்யுங்கள்.

பள்ளத்து மனையின் செலவு வெளியே தெரியாது. 1,500 சதுர அடி மனையை மூன்றடி உயர்த்த 4,500 கன அடி மண், அதாவது 45 யூனிட். தட்டி இறுக்கினால் இறங்கும் என்பதால் கால் பங்கு கூடப் போட வேண்டும். 56 யூனிட் ஆகிவிடும். டிப்பருக்கு மூன்று யூனிட் என்றால் 19 நடை. இந்தச் செலவு மனை விலையில் எங்கும் இருக்காது, வாங்கினவர் தலையில் விழும். நிரவி, சாலை மட்டத்துக்கு மேலே உயர்த்திய பிறகே மனையைக் கொடுக்க வேண்டும்.

மின்சாரத்தையும் கணக்கோடு கேட்கிறோம். அறுபது பட்டறை, சராசரி 10 குதிரைத்திறன் என்று வைத்தால் 600 குதிரைத்திறன், ஏறக்குறைய 448 கிலோவாட். ஒரே நேரத்தில் பாதிதான் ஓடும் என்று எடுத்தாலும் 224 கிலோவாட். மோட்டாரின் திறன் காரணி 0.85 என்றால் 263 கே.வி.ஏ. வேண்டும். ஒரு 250 கே.வி.ஏ. மின்மாற்றி போதாது. வெல்டிங் ஒளி பற்றும் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் இறங்கும், பக்கத்துப் பட்டறை லேத்தில் கடையும் இரும்பின் மேல் வரி விழும். இரண்டு மின்மாற்றியும், துணைமின் நிலையத்திலிருந்து வரும் தனி மின்பாதையும் (ஃபீடர்) வேண்டும். கிராம வீட்டு ஃபீடரில் இழுத்துக் கொடுத்தால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வேலை நடக்காது.

பணமும் பத்திரமும். ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் காட்டி வங்கியில் கட்டிடக் கடன் வாங்குவது கடினம். விற்பனைப் பத்திரம் வேண்டும், அல்லது பதிவு செய்த நீண்டகாலக் குத்தகையும், மாநகராட்சி, வங்கி, கடைக்காரர் மூவரும் கையெழுத்திடும் ஒப்பந்தமும் வேண்டும். இரண்டு ஆண்டுக்குள் கட்டாவிட்டால் ஒதுக்கீடு ரத்து என்ற நிபந்தனை இத்தகைய ஆணைகளில் வழக்கம். நிபந்தனை இருக்கட்டும், ஆனால் அந்த இரண்டு ஆண்டு சாலை, தண்ணீர், மின்சாரம் மூன்றும் மனை வாசலுக்கு வந்த தேதியிலிருந்து ஓட வேண்டும். ஆணைத் தேதியிலிருந்து ஓடினால், கட்ட முடியாத இடத்தில் கட்டவில்லை என்று மனை பறிபோகும், பிறகு அது யார் யார் கைக்கோ மாறும். ஐந்தாண்டுக்கு விற்கக் கூடாது என்ற தடையை நாங்களே கேட்கிறோம்.

மாறும் காலத்தையும் பாருங்கள். லேத் நிற்கும் கான்கிரீட் தளம் முழு வலு பெற 28 நாள். அதன் பிறகுதான் இறக்கி மட்டம் பார்த்து ஓட்ட முடியும். எடைமேடையைக் கழற்றி மாட்டினால் எடையளவுத் துறை மறுமுத்திரை வேண்டும். அறுவை மில்லுக்கு வனத்துறை உரிமம் இடத்தோடு சேர்ந்தது; மரம் சார்ந்த தொழில்களுக்கான 2010 விதிகளின்படி இடம் மாற்ற அனுமதி வாங்க வேண்டும். ஜி.எஸ்.டி. முகவரியை 15 நாளுக்குள் மாற்ற வேண்டும். தீ காப்பீடு முகவரிக்கு உரியது. ஒப்புதல் வாங்காமல் சரக்கை மாற்றினால், வழியிலோ புதுக் கிடங்கிலோ தீப்பிடித்தால் ஒரு பைசா வராது. இத்தனைக்கும் ஒரே இடத்தில் முகாம் போட்டு, குறைந்தது மூன்று மாதம் இரண்டு இடத்திலும் தொழில் நடத்த அனுமதி கொடுங்கள்.

திருச்சியைப் பாருங்கள். காந்தி மார்க்கெட் நெரிசலுக்குத் தீர்வாக ரூ.77 கோடியில் கள்ளிக்குடியில் கட்டிய வணிக வளாகம் 2017-இல் திறக்கப்பட்டது. கடை சிறிது, ஊருக்குத் தூரம் என்று வியாபாரிகள் போகவில்லை, கட்டிடம் கிடந்தது. சென்னையில் கொத்தவால்சாவடி 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனபோது சிறிதும் பெரிதுமாகப் பல அளவில் கடை இருந்தது, மொத்த வியாபாரம் சேர்ந்து போனது. பாதிப் பேர் போய்ப் பாதிப் பேர் இங்கேயே இருந்தால், போனவர் அழிவார். அதனால் காலி செய்த கட்டிடத்தில் அதே தொழிலுக்குப் புது உரிமம் கிடையாது என்பதையும் இதே ஆணையில் எழுத வேண்டும்.

எல்லாரையும் அனுப்பவும் வேண்டாம். முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வாடிக்கையாளர் நடந்து வருகிறவர். பர்மா தேக்குத் தூணையும் எனாமல் தூக்கையும் தேடி வருகிறவர் தொழிற்பேட்டைக்கு வரமாட்டார். செட்டிநாட்டு ஊர்த்தொகுதி 2014-இலிருந்து யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கிறது. அந்தத் தெரு அதன் ஒரு பகுதிபோலத்தான். காட்சிக்கடை இங்கே இருக்கட்டும், கிடங்கும் இழைப்பு வேலையும் போகட்டும்.

சுமை தூக்குகிறவர்கள், இழைப்பவர்கள், உப்புத்தாள் தேய்க்கும் பெண்கள் இன்று நடந்தோ சைக்கிளிலோ வேலைக்கு வருகிறார்கள். டெல்லி ஆலைகள் குறித்த 1996 ஜூலை 8 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், ஆலையோடு இடம்பெயரும் தொழிலாளருக்கு ஓராண்டுச் சம்பளத்தை இடமாற்றத் தொகையாகக் கொடுக்கச் சொன்னது. சின்னக் கடைக்காரரால் அவ்வளவு முடியாது. காலை ஆறரைக்கும் மாலை ஏழுக்கும் டவுன் பஸ், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, குடிநீர், ஒரு டீக்கடைக்கு இடம் இவற்றையாவது முதல் நாளே செய்யுங்கள். கடைகளை நம்பித் தெருவில் தள்ளுவண்டி போட்டிருப்பவர்களுக்கு 2014-ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டப்படி 30 நாள் முன்னறிவிப்பு உரிமை உண்டு. அவர்களையும் பட்டியலில் எழுதுங்கள்.

இவை நடக்கும்வரை, லோடு இறக்குவதை இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை என்று வரையறுத்தால் ஒப்புக்கொள்கிறோம். கணக்கெடுப்புக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துச் சொல்லுங்கள். அன்று கடைகள் மூடியிருக்கும், தெரு ஒழிந்திருக்கும். முனீஸ்வரன் கோயில் தெரு முனையில் தொடங்கலாம். நூறடி டேப்பும், கோடு போடச் சுண்ணாம்பும், சரக்கை நகர்த்த ஆட்களும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
காரைக்குடி நகருக்குள் இரும்புக் கடை, மரவாடி, லேத், வெல்டிங் பட்டறை, பழைய சாமான் கடை நடத்தும் வியாபாரிகள்