தனுஷ்கோடி பழைய ஸ்டேஷன்: டிசம்பர் 22 காலை கூடுகிறோம்

எல்லோருக்கும் வணக்கம்.

வரும் டிசம்பர் 22, காலை 7 மணிக்கு தனுஷ்கோடி பழைய ரயில் நிலையம் முன்னால் கூடுகிறோம். 1914-இலிருந்து போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் இங்கேதான் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் பாம்பனிலிருந்து வந்த 653-ஆம் எண் பாசஞ்சர் பயணிகளோடு கடலில் போனது. அதே புயலில் சேதமான பாம்பன் ரயில் பாலத்தை 46 நாளில் சரிசெய்தார்கள். ஆனால் தனுஷ்கோடி வரும் இந்த ரயில் பாதையைத் திரும்பப் போடவே இல்லை. இன்று சுவரில் கை வைத்தாலே சுண்ணாம்பு உதிர்கிறது. இடிபாடு போகட்டும், அங்கே வேலை பார்த்தவர்களின் பேச்சாவது மிஞ்ச வேண்டும்.

1. ஸ்டேஷன், துறைமுகம், சுங்க அலுவலகத்தில் இருந்த தாத்தா பாட்டிகளின் நினைவுகளை இப்போதே போனில் பதிவு செய்யுங்கள். ஊர்ப் பேச்சிலேயே இருக்கட்டும், திருத்த வேண்டாம்.

2. பழைய டிக்கெட், போட்டோ இருந்தால் இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்புங்கள். அசலைக் கொண்டுவர வேண்டாம், உப்புக்காற்று.

3. குடிதண்ணீர், தொப்பி அவசியம். சுவர் மேல் பிள்ளைகளை ஏற விடாதீர்கள்.

4. பெரியவர்களுக்கு வண்டி வேண்டுமா? 18-ஆம் தேதிக்குள் சொல்லுங்கள்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று இங்கேயே பதில் போடுங்கள்.