உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் தமிழ்மொழி மூலம் பௌதிகவியல் படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஒளி பட்டு உலோகத்திலிருந்து இலத்திரன் வெளிவரும் ஒளிமின் விளைவுப் பாடத்தில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் வசனம் ஒன்று இருக்கிறது: தொடக்க மீடிறனுக்குக் குறைந்த ஒளியில், செறிவை எவ்வளவு கூட்டினாலும் இலத்திரன் வெளிவராது. பரீட்சைக்கு அது சரி, மாற்றச் சொல்லவில்லை. அந்த "எவ்வளவு கூட்டினாலும்" என்ற இடத்தில் பத்து நிமிடம் நின்று போங்கள் என்பதே என் கோரிக்கை.

காலிமுகத்திடலின் நடுப்பகல் வெயில் சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 0.1 வாற்று. ஆய்வுகூடங்களில் ஒரு சில பெம்டோ செக்கன் (செக்கனின் ஆயிரம் மில்லியன் மில்லியனில் ஒரு பங்கு) மட்டும் நீடிக்கும் லேசர்த் துடிப்பில் அது 100 மில்லியன் மில்லியன் வாற்றைத் தொடும். துடிப்பை நீட்டி, பெருக்கி, மீண்டும் சுருக்கலாம் என்று பௌதிகவியலாளர்கள் ஸ்ட்ரிக்லண்டும் மூரூவும் 1985இல் காட்டிய வழி இதற்குப் பெரிதும் உதவியது. 2018இல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இலத்திரன் ஒரு நேரத்தில் ஒரு போட்டனை, அதாவது ஒளியின் ஒரு சத்திப் பொட்டலத்தை, மட்டுமே உறிஞ்சும் என்பதே அந்த வசனத்தின் அடிப்படை. ஆனால் இவ்வளவு செறிவில் போட்டன்கள் ஒவ்வொன்றாக வரும் என்று எதிர்பார்க்க முடியாது. ஒரே நேரத்தில் இரண்டு போட்டன்கள் உறிஞ்சப்படலாம் என்று மரியா கோப்பர்ட் மேயர் 1931இலேயே எழுதிவிட்டார். லேசர் வந்த அடுத்த வருடமே, 1961இல், அது பரிசோதனையில் தெரிந்தது.

மூலக்கூறுகளில் கதை இன்னும் சுவாரசியம். இரண்டு புரோத்தன், ஒரே இலத்திரன்: ஐதரசன் மூலக்கூற்று அயன். அதைவிட எளிய மூலக்கூறு கிடையாது. அது மூன்று போட்டனை விழுங்கி, உடையும் வழியில் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிரியக்கூடும். கணக்கில் நிற்பது இரண்டு. வலிய ஒளிப்புலம் பிணைப்பையே இளக்கிவிடுவதும் உண்டு. அப்போது, ஏற்கனவே அதிர்ந்துகொண்டிருக்கும் அயனை உடைக்க ஒரு போட்டனே போதும். அப்புறம், ஒரு போட்டன் வழியும் இரண்டு போட்டன் வழியும் ஒரே சத்தியில் போய் முடிந்தால், இரண்டும் அலைகளைப் போல ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் தலையீடு செய்யும். யங்கின் இரட்டைப் பிளவில் நீங்கள் படிப்பிக்கும் அதே தலையீடுதான், ஆனால் இங்கே அதனால் தீர்மானமாவது, இலத்திரன் இடப்பக்கப் புரோத்தனோடு போகிறதா வலப்பக்கத்ததோடா என்பது. லேசர் அலையின் வடிவத்தைச் சற்று மாற்றினால் அந்தச் சாய்வும் மாறும். எனக்கு இதுவே எல்லாவற்றிலும் அழகான பகுதி.

"சிலபஸில் இல்லை" என்பீர்கள். ஆனால் கணக்கு சிலபஸுக்குள்தான் இருக்கிறது. 800 நனோமீற்றர் போட்டன் ஒன்றின் சத்தி 1.55 இலத்திரன்வோல்ற்று, அடிநிலையிலுள்ள அந்த அயனைப் பிரிக்கத் தேவை 2.65. எத்தனை போட்டன் வேண்டும், மிஞ்சும் சத்தி புரோத்தனுக்கும் ஐதரசன் அணுவுக்கும் எப்படிப் பங்கிடப்படும் என்று அடுத்த வகுப்பில் கேட்டுப் பாருங்கள். உந்தக் காப்பு தெரிந்த பிள்ளை அரைப் பக்கத்தில் செய்துவிடும்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்