முதல் ஓட்டத்தின் விறைப்பு: ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

ஸ்போர்ட்ஸ் கார்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், அவற்றை வாடிக்கையாளரிடம் ஒப்படைக்கும் விற்பனை நிலையத்தாருக்கும்,

வணக்கம்.

விறைப்பைப் பொத்தானால் மாற்றிக்கொள்ளும் அடாப்டிவ் சஸ்பென்ஷன் கொண்ட புதிய காரின் சாவியை வாங்கிச் சென்றவர் இரண்டே நாளில் திரும்பி வந்து, "கம்ஃபர்ட் மோடில் வைத்தாலும் கட்டை வண்டி போலத் தூக்கிப் போடுகிறதே, சஸ்பென்ஷனில் ஏதும் பழுதா?" என்று கேட்பதும், "ஸ்போர்ட்ஸ் கார் அப்படித்தான் இருக்கும், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்று சொல்லி அவரை அனுப்பிவைப்பதும் உங்களுக்குப் புதிதல்ல. சஸ்பென்ஷன் வேலையிலேயே பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. எந்த விறைப்பு தானாகக் குறையும், எது காரின் பிறவிக் குணம், எது உங்கள் தரப்பில் நேர்ந்த கவனக்குறைவு என்று பிரித்துச் சொல்லாமல் விடுவதே என் மனக்குறை.

முதலில் பெயரைப் பற்றி. அடாப்டிவ் சஸ்பென்ஷன் என்றதும் பொத்தானை அழுத்தினால் சஸ்பென்ஷன் முழுவதுமே இளகிவிடும் என்று வாங்குபவர் நம்புகிறார். எஃகு ஸ்பிரிங் பொருத்திய கார்களில் உண்மையில் மாறுவது டாம்பர், அதாவது ஷாக் அப்சார்பர், கொடுக்கும் தடை மட்டுமே. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான்; வளைவுகளில் கார் சாயாமல் தடுக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பாரும் பெரும்பாலும் அதேதான். குடும்பக் கார் ஒன்றின் உடல் தன் ஸ்பிரிங்குகளின் மீது நொடிக்கு ஏறக்குறைய 1 முதல் 1.5 முறை ஆடும். ஸ்போர்ட்ஸ் காரில் அது 2 முறையை நெருங்குவதுண்டு. கேட்பதற்குச் சிறிய வேறுபாடுதான். ஆனால் எடை மாறாமல் ஆட்டத்தின் வேகம் ஒன்றரை மடங்காக வேண்டுமானால், ஸ்பிரிங்கின் விறைப்பு இரண்டேகால் மடங்காக வேண்டும். கம்ஃபர்ட் பொத்தானால் இதில் எதையும் குறைக்க முடியாது.

இனி டாம்பருக்கு வருகிறேன். எண்ணெயும் வாயுவும் ஒரே குழாய்க்குள் இருக்கும் புதிய மோனோட்யூப் டாம்பர் ஒன்றைப் பணிமேசையில் நிமிர்த்தி வைத்து, அதன் தண்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். முதலில் அது அசையவே அசையாது. உடல் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் சாய்த்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் வெடுக்கென்று விடுபட்டு இறங்கத் தொடங்கும்; அதன்பின் சீராக நகரும். கையை எடுத்தால் தண்டு தானாகவே மெல்ல வெளியே வரும். உள்ளே அடைத்துள்ள நைட்ரஜன் வாயு 25 பார் அழுத்தத்திலும், தண்டு 14 மில்லிமீட்டர் விட்டத்திலும் இருந்தால், அந்த வாயு மட்டுமே ஏறத்தாழ 38 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தண்டை வெளியே தள்ளுகிறது. இந்த விசையையும் கணக்கில் கொண்டே ஸ்பிரிங்கைப் பொறியாளர் தேர்ந்திருப்பார், ஆகவே அதனால் தொல்லை இல்லை. நாம் கவனிக்க வேண்டியது அந்த "வெடுக்". எண்ணெய் கசியாதிருக்கத் தண்டைச் சுற்றி இறுகப் பிடித்திருக்கும் சீலின் உராய்வு அது. சாலையின் சிறு சொரசொரப்பு இந்த உராய்வைத் தாண்டும் அளவுக்கு விசை தராதபோது, டாம்பர் ஒரு திடக் கம்பியைப் போலவே நடந்துகொள்கிறது. அதிர்வு நேராக இருக்கைக்கு ஏறுகிறது. டாம்பருக்குள் எண்ணெய் ஓடினால்தான், அதன் பாதையைக் கணினியின் கட்டளைப்படி கூட்டிக் குறைக்கும் மின்வால்வுக்கு வேலை. எண்ணெயே நகராதபோது எத்தனை திறமையான கணினி இருந்தும் பயனில்லை. சீலின் விளிம்பு தண்டோடு பழகப் பழக இந்தத் தொடக்க உராய்வு ஓரளவு குறைகிறது. "ஓட்ட ஓட்டச் சரியாகும்" என்பதில் உள்ள உண்மையின் ஒரு பகுதி இது.

இன்னொரு பகுதி ரப்பரில் இருக்கிறது. கரித்தூள் கலந்த ரப்பரை முதன்முறையாக நீட்டிய பிறகு, அது முன்னிருந்ததைவிட இளகிவிடுகிறது. 1940களில் லெனர்ட் மல்லின்ஸ் இதை விரிவாக ஆராய்ந்ததால் அவர் பெயரிலேயே இவ்விளைவு வழங்குகிறது. சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் உள்ள புஷ்கள் எனும் உறைகள் பெரும்பாலும் இத்தகைய ரப்பரே. அதே ரப்பருக்கு வேறொரு குணமும் உண்டு. அசைவு சிறியதாக இருக்கும்போது அது அதிக விறைப்பாகவும், பெரியதாகும்போது இளகியும் நடந்துகொள்ளும். 1960களில் இதை ஆராய்ந்த பெய்ன் என்பவரின் பெயரால் இது அறியப்படுகிறது. விற்பனை நிலைய வாசலில் மெல்ல ஊர்ந்து செல்கையில் கார் ஏன் இவ்வளவு கடுமையாகத் தெரிகிறது, அதே கார் வேகமெடுத்து நெடுஞ்சாலையின் நீண்ட அலைகளில் ஏன் இணக்கமாக மிதக்கிறது என்பதற்கு இந்த இரண்டாம் குணமும் சீலின் உராய்வும் சேர்ந்தே விடை தருகின்றன. குளிர்ந்த காலையில் டாம்பர் எண்ணெயும் கெட்டியாக இருப்பதால், முதல் சில கிலோமீட்டர்கள் கூடுதலாக முரண்டு பிடிக்கும்.

கணினியிடமும் எல்லையற்ற வேகத்தை எதிர்பார்க்கலாகாது. டீன் கார்னோப்பும் அவருடைய சகாக்களும் 1974இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த ஸ்கைஹுக் கட்டுப்பாடு, காரின் உடலை வானத்தில் மாட்டிய ஒரு கொக்கியிலிருந்து தொங்கவிட்டதுபோல் அமைதியாக வைத்திருக்க முயல்வது. உடலின் மெதுவான ஆட்டத்துக்கு அது அருமையான மருந்து. கூர்மையான விளிம்புகளின் கதை வேறு. வால்வு மாற 10 மில்லி விநாடி போதும் என்று வைத்துக்கொண்டாலும், மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் அதற்குள் 10 சென்டிமீட்டர் கடந்துவிடும். சக்கரம் விளிம்பில் மோதியிருக்கும். அந்த அடியை முதலில் வாங்குவது டயர்தான். 255/35 அளவுள்ள டயரின் பக்கச்சுவர் உயரம், 255 மில்லிமீட்டர் அகலத்தில் 35 சதவீதம், அதாவது 89 மில்லிமீட்டர் மட்டுமே. பெரிய சக்கரங்களை விரும்பி எடுத்த வாடிக்கையாளரிடம் இந்தச் சிறு கணக்கை யாராவது ஆர்டர் எழுதும்போதே சொன்னார்களா? சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்துச் சொல்லப்போவது எனக்குக் கோபம் தரும் செய்தி. நெடுந்தொலைவு கப்பலிலும் லாரியிலும் ஏற்றி வரும் கார்களின் டயர்கள் நின்ற இடத்திலேயே தட்டையாகிவிடாதிருக்கக் காற்றை அதிகமாக அடைப்பதும், உடல் குலுங்காதிருக்க ஸ்பிரிங் சுருள்களுக்கிடையே கட்டைகளைச் செருகுவதும் வழக்கம். ஒப்படைப்பதற்கு முன் இரண்டையும் சரிசெய்தாக வேண்டும். ஒரு முறை, வாங்கி ஒரு வாரமே ஆன கார் ஒன்று "அடாப்டிவ் சஸ்பென்ஷன் வேலை செய்யவில்லை" என்ற புகாரோடு என்னிடம் வந்தது. கதவுச் சட்டத்து ஒட்டுத்தாளில் 33 பிஎஸ்ஐ என்றிருக்க, நான்கு டயர்களிலும் 50ஐ ஒட்டிய அளவு இருந்தது. விளக்கைப் பிடித்து உள்ளே பார்த்தேன். முன்பக்க ஸ்பிரிங்குகளில் கட்டைகள் அப்படியே இருந்தன. அந்த வாரம் முழுவதும் உரிமையாளர் பொத்தான்களை மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்து, தன் முதுகின்மேலேயே சந்தேகம் கொண்டிருந்தார். விற்றவர்களிடம் அவர் இரு முறை தொலைபேசியில் பேசியபோதும் கிடைத்த பதில் "ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும்" என்பதே. அந்தக் கட்டைகள் எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினாலும் சரியாகியிருக்கப் போவதில்லை.

பொறியாளர்களே, உரிமையாளர் கையேட்டில் ஒரே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எந்த மோடு எதை மாற்றும், எதை மாற்றாது என்றும், சீலும் ரப்பரும் பழகும் வரை என்ன எதிர்பார்க்கலாம் என்றும் அதில் நேரடியாக எழுதுங்கள். சஸ்பென்ஷன் கைகளைக் கழற்றி மாட்டினால், கார் தன் எடையில் நிற்கும் உயரத்தில்தான் புஷ் போல்ட்டுகளை முறுக்க வேண்டும் என்ற விதியைப் பணிமனைக் கையேட்டோடு நிறுத்திவிடாமல், பயிற்சியிலும் அழுத்திச் சொல்லுங்கள். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கினால், கார் கீழே இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாகத் திருகியே நிற்கும். அந்த விறைப்புக்கும் டாம்பர்மீதுதான் பழி விழுகிறது.

விற்பனை நிலையத்தாரே, சாவியைக் கொடுக்குமுன், கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போதே, வாங்குபவர் கண்ணெதிரில் நான்கு டயர்களையும் கேஜ் வைத்து அளந்து காட்டுங்கள். ஸ்பிரிங்குகளில் விளக்கடித்துக் காட்டுங்கள். முதல் 1,000 கிலோமீட்டர் முடிந்ததும் காரை ஒரு முறை கொண்டுவரச் சொல்லி, உங்கள் ஆள் ஒருவர் அவரோடு அமர்ந்து, முதல் நாள் ஓட்டிய அதே தெருவில் ஓட்டிப் பார்க்கட்டும். அன்றும் அவர் விறைப்பு என்றால், காரை லிஃப்டில் ஏற்றுங்கள்.

இப்படிக்கு,
சஸ்பென்ஷன் பணிமனை ஒன்றிலிருந்து