பதினைந்து நொடி நின்று பாருங்கள்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவருக்கும் உறுப்பினர் செயலருக்கும், வாரியத்தின் ஆய்வகங்களில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கிற தோழர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆலைக் கழிவுநீரில் மீனை விட்டுப் பார்க்கச் சொல்கிறது விதி. அதோடு டாஃப்னியாவையும் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், 48 மணி நேரம் போதும், வருகிற எண்ணை ஊர் பார்க்கிற மாதிரி வெளியிடுங்கள்.

நான் ஒரு தனியார் நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருடமாக இருக்கிறேன். டாஃப்னியா வளர்ப்பது, குஞ்சு பிரிப்பது, எண்ணுவது, இதுதான் என் வேலையில் பாதி. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், டாஃப்னியா என்பது நீர்த்தெள்ளு. பெயர்தான் தெள்ளு, கடிக்காது, ஒட்டுண்ணியும் இல்லை, இறால் நண்டு வகையைச் சேர்ந்த பொடி உயிர். வளர்ந்தது ஒரு எள்ளளவு இருக்கும், பிறந்த குஞ்சு கடுகில் பாதி. கொளத்தூர்ப் பக்கம் வண்ணமீன் வளர்ப்பவர்களுக்கு இதன் உறவான மொய்னாவை நன்றாகத் தெரியும், மீன் குஞ்சுக்கு அதுதான் தீனி. ஏரியிலும் அதே கதைதான். பாசியை இது தின்னும், இதை மீன் குஞ்சு தின்னும். நடுவில் இருக்கிற இது இல்லாமல் போனால், தண்ணீரில் பாசி ஏறிக்கொண்டே போகும், குஞ்சு மீன் வயிறு காயும், பெரிய மீன் செத்து மிதக்கிற நாள் வரைக்கும் கரையில் நிற்கிற யாருக்கும் எதுவும் தெரியாது.

சோதனை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைச் செய்வது கஷ்டம் என்று பல கூட்டங்களில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் தாய்களை வடித்துப் புதுத் தண்ணீருக்கு மாற்றிவிடுவோம். காலையில் அந்தத் தண்ணீரில் ஓடுகிற குஞ்சுகள் எல்லாமே 24 மணி நேரத்துக்கு உட்பட்டவை, அவைதான் வேண்டும். ஒரு பீக்கரில் ஐந்து, ஒரு செறிவுக்கு (கழிவுநீரை எவ்வளவு நீர்த்தோம் என்ற அளவுக்கு) நான்கு பீக்கர், ஆக இருபது. இப்படி ஐந்து செறிவு, எதுவும் கலக்காத கண்ட்ரோல் ஒன்று, மொத்தம் 120 குஞ்சு. வாய் அகன்ற கண்ணாடிக் குழாயில் மெதுவாக உறிஞ்சி, குழாய் நுனியைத் தண்ணீருக்குள் முக்கிய பிறகுதான் விட வேண்டும். அவசரப்பட்டு மேலேயிருந்து சொட்டினால் ஓட்டுக்குள் காற்று புகுந்து நீர்ப்பரப்பிலேயே ஒட்டிக்கொள்ளும், அந்தக் குஞ்சு கணக்குக்கு உதவாது. 18 முதல் 22 டிகிரி, தீனி கிடையாது, காற்று ஊதுவது கிடையாது. 24 மணி நேரத்தில் ஒரு தடவை, 48 மணி நேரத்தில் ஒரு தடவை எண்ணுவோம்.

எண்ணுவது என்றால், பீக்கரை லேசாக ஒரு சுழற்று சுழற்றிவிட்டுப் பதினைந்து நொடி பார்ப்பது. நீந்தினால் சரி. நீந்தவில்லை என்றால் அது அசைவிழந்தது, உணர்கொம்பு இன்னும் துடித்துக்கொண்டிருந்தாலும் சரி. பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான நாடுகளின் அமைப்பான ஓ.ஈ.சி.டி.யின் 202-ஆம் வழிகாட்டி, 2004-இல் திருத்தியது, அப்படித்தான் சொல்கிறது. டாஃப்னியாவின் உடம்பு கண்ணாடி மாதிரி, லென்ஸ் வைத்தால் முதுகுப் பக்கம் இதயம் அடிப்பது தெரியும். அடியில் படுத்தபடி கொம்பை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிற ஒன்றை, இதயம் அடிக்க அடிக்க, ‘அசைவிழந்தது’ கட்டத்தில் கோடு போட்டு எழுதுவது எனக்கு இன்றைக்கும் பழகவில்லை. ஆனால் அது நியாயமான கணக்கு. நீந்த முடியாத டாஃப்னியா தின்னாது, தப்பாது, ஏரியைப் பொறுத்தவரை அது ஏற்கெனவே இல்லை.

இப்போது நம் விதிக்கு வருகிறேன். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகள், ஆறாம் அட்டவணை: நீர்க்கச் செய்யாத நூறு சதவீதக் கழிவுநீரில் 96 மணி நேரம் கழித்து 90 சதவீத மீன் உயிரோடு இருக்க வேண்டும். நல்ல விதி. மற்ற வரிகள் எல்லாம் இந்த ரசாயனம் இவ்வளவு, அந்த உலோகம் இவ்வளவு என்று தனித்தனியாகப் பேசும்போது, இந்த ஒரு வரிதான் எல்லாம் கலந்த தண்ணீரை ஒரு உயிரிடம் கொடுத்துக் கேட்கிறது. என் குறை, அது மீனிடம் மட்டும் கேட்கிறது என்பதுதான்.

மீனுக்கு ஒன்றும் செய்யாத அளவு டாஃப்னியாவைப் படுக்க வைத்துவிடும். பூச்சிக்கொல்லிகளில் இது பட்டவர்த்தனமாகத் தெரியும், ஏனென்றால் அவற்றைச் செய்ததே பூச்சி, இறால் போன்ற கணுக்காலிகளின் நரம்பைத் தாக்கத்தான், டாஃப்னியாவும் கணுக்காலிதான். குளோர்பைரிபாஸை எடுத்துக்கொள்ளுங்கள், லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழேயே 48 மணி நேரத்தில் பாதி டாஃப்னியா அசைவிழந்துவிடும். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் ஒன்றிரண்டு சீனிப் பரல் எடை, அவ்வளவுதான். அதே தண்ணீரில் பல வகை மீன்கள் சாதாரணமாக நீந்தும், ரிப்போர்ட்டில் ‘தேறியது’ என்று வரும்.

அப்புறம் குரோமியம். நம் மாநிலத்தில் இதைப் பேசாமல் எதைப் பேசுவது? டாஃப்னியா வளர்க்கிற பல ஆய்வகங்களில், வளர்ப்பு ஆரோக்கியமாக இருக்கிறதா என்று பார்க்க அவ்வப்போது பொட்டாசியம் டைகுரோமேட் கொடுத்துச் சோதிப்பார்கள். 24 மணி நேரத்தில் பாதியை நிறுத்துகிற அளவு லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் விழ வேண்டும், வெளியே போனால் வளர்ப்பில் ஏதோ கோளாறு. டைகுரோமேட்டின் எடையில் குரோமியம் ஏறக்குறைய 35 சதவீதம், ஆக குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறிணைதிறக் குரோமியமாகக் கணக்குப் போட்டால் 0.2-இலிருந்து 0.7 மில்லிகிராம் வரை. நம் அட்டவணை ஆற்றுக்கும் ஏரிக்கும் 0.1 மில்லிகிராம் என்று சரியாகத்தான் வைத்திருக்கிறது. பொதுச் சாக்கடைக்கு 2.0. அந்தச் சாக்கடை எங்கே போய் முடிகிறது, வழியில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்து நீர்க்கிறது என்பதைப் பாலாற்றங்கரையில் இருக்கிறவர்களிடம் கேளுங்கள், ஆற்றில் தண்ணீர் ஓடுகிற நாட்களை அவர்கள் விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள். ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கிற குரோமேட் தொழிற்சாலை வளாகத்தில் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேலே குவிந்த கழிவு, நாங்கள் மில்லிகிராம் கணக்கில் சொட்டு சொட்டாக எடுத்து டாஃப்னியாவுக்குக் கொடுக்கிற அதே ஆறிணைதிறக் குரோமியத்தைத்தான் நிலத்தடி நீரில் இறக்கியது.

வேலூர்த் தோல் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு சொன்னபோது, கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பதோடு, கெடுதல் வருமுன் காக்க வேண்டும் என்பதையும் இந்த நாட்டின் சட்டம் என்று சொன்னது. வருமுன் காப்பதற்கு, வருவதை முன்கூட்டியே காட்டுகிற ஒன்று கையில் இருக்க வேண்டாமா?

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த ஆலை என்பது வேண்டாம், எந்த ஊர் என்பதும் வேண்டாம். சுத்திகரித்த கழிவுநீர் என்று சாம்பிள் வந்தது. பார்க்கத் தெளிவாகவே இருந்தது, மூக்கில் வைத்தால் லேசாக ஈரத்தோல் வாசம். பி.ஓ.டி., சி.ஓ.டி. (கழிவு எவ்வளவு ஆக்சிஜனை உறிஞ்சும் என்ற அளவுகள்), குரோமியம் எல்லாம் வரம்புக்குள். மீன் நான்கு நாளும் நன்றாக இருந்தது. அன்றைக்கு என்னிடம் குஞ்சு மிச்சம் இருந்ததால் நானாகவே ஒரு வரிசை டாஃப்னியா போட்டேன். மறுநாள் காலை, நீர்க்காத சாம்பிளில் இருபதும் அடியில் கிடந்தன. பாதிக்குப் பாதி நீர்த்ததில் இருபதும். கால் பங்கில் பதினாறு. கண்ட்ரோலில் இருபதும் துள்ளிக்கொண்டிருந்தன. மறுபடியும் செய்தேன், அதே மாதிரி வந்தது. ரிப்போர்ட்டில் சேர்க்கலாமா என்று கேட்டதற்கு, அதற்குக் கட்டம் இல்லை, கேட்டவர்கள் அதைக் கேட்கவும் இல்லை என்று பதில் வந்தது. ரிப்போர்ட் ‘வரம்புக்குள்’ என்று போனது. அந்த இரண்டு தாள் இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. என்னைத் தூங்கவிடாமல் செய்வது, அதில் யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான். விதியில் கேள்வி இல்லை, அதனால் பதிலுக்கு இடம் இல்லை.

எந்த ரசாயனம் செய்தது என்றுதான் அடுத்துக் கேட்பீர்கள். பட்டியலில் இருக்கிற எதுவும் இல்லை என்பதுதான் விஷயமே. தோல் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடுகிற டி.சி.எம்.டி.பி. போன்ற மருந்துகள் நீர்வாழ் உயிர்களுக்குக் கடும் நஞ்சு, ஆறாம் அட்டவணையில் அதற்கு ஒரு வரி கிடையாது. நுரைக்கிற சோப்புப் பொருள்கள், சாயத்துக்குத் துணைபோகிற ரசாயனங்கள், எல்லாவற்றுக்கும் தனித்தனி வரி போட்டு முடியவே முடியாது. டாஃப்னியாவுக்குப் பட்டியல் வேண்டாம், மொத்தத் தண்ணீரையும் ஒரே நேரத்தில் படிக்கும்.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவில் பெர்டில் ஆண்டர்சன் 1944-லேயே ஆலைக் கழிவில் வருகிற பொருள்களை டாஃப்னியா மேக்னாவில் ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதிவைத்துவிட்டார். இன்றைக்கு அங்கே கழிவுநீர் அனுமதியோடு சேர்ந்த நச்சுத்தன்மைச் சோதனையில் மீனும் நீர்த்தெள்ளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் ரசாயனங்களைப் பதிவு செய்யச் சொல்கிற ரீச் சட்டத்தின்படி வருடத்துக்கு ஒரு டன் ரசாயனம் செய்தாலே குறுகிய கால டாஃப்னியா சோதனை கேட்கப்படும், மீன் சோதனை பத்து டன்னில்தான் வரும். அங்கே முதல் கேள்வியே டாஃப்னியாவிடம்.

நீங்கள் என்ன ஆட்சேபம் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும், அவற்றில் சில நியாயமானவை. முதலாவது, நம் வெயில். டாஃப்னியா மேக்னா குளிர்நாட்டு இனம், இருபது டிகிரி கேட்கும். போன மே மாதம் ராத்திரி கரண்ட் போய், இன்வெர்ட்டரும் கைவிட்டு, காலையில் வந்து பார்த்தால் கண்ட்ரோலிலேயே நான்கு படுத்துக் கிடந்தன. இருபதில் இரண்டுக்கு மேல் போனால் சோதனை செல்லாது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். ஆனால் அதற்காகச் சோதனையே வேண்டாம் என்று விடுவதா? நம் குளங்களில் மொய்னா மைக்ரூரா இருக்கிறது, செரியோடாஃப்னியா கார்னுட்டா இருக்கிறது, நம் சூட்டிலேயே பிறந்து வளர்கிறவை. பிரேசிலில் டாஃப்னியா சிமிலிஸை வைத்துச் செய்கிறார்கள். நம் பல்கலைக்கழக விலங்கியல் துறைகளில் இவற்றை வளர்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கூப்பிட்டு, ஒரே சாம்பிளைப் பல ஆய்வகங்களுக்கு அனுப்பி எண்கள் ஒத்துவருகிறதா என்று பார்த்து, நமக்கென்று ஒரு முறையை எழுதுங்கள். இதை வாரியம்தான் செய்ய முடியும், என்னைப் போன்ற ஒரு ஆய்வகம் தனியாகச் செய்தால் யாரும் ஏற்கமாட்டார்கள்.

இரண்டாவது, உப்பு. சாயப்பட்டறைத் தண்ணீரில் உப்பு அதிகம், டாஃப்னியா உப்பால்தான் செத்தது, நஞ்சால் இல்லை என்பார்கள். லிட்டருக்குச் சில கிராம் உப்பிலேயே அது தளர்ந்துவிடும் என்பது உண்மைதான். அதே அளவு உப்புக் கரைத்த நல்ல தண்ணீரில் இன்னொரு வரிசை போட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும், இருபது குஞ்சு கூட வேண்டும், அவ்வளவே. உப்பாலேயே செத்தது என்று வந்தாலும் அது நொய்யல் ஆற்றங்கரைக்காரர்களுக்கு ஆறுதல் இல்லை. அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் என்ன சாயக்கழிவு தேங்கிக் கிடந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாவது ஆட்சேபத்தை நானே எழுப்புகிறேன். டாஃப்னியாவுக்கும் குருட்டுப் பக்கம் உண்டு. இமிடாகுளோப்ரிட் என்கிற பூச்சிக்கொல்லி லிட்டருக்குப் பல பத்து மில்லிகிராம் வரை அதை ஒன்றும் செய்யாது, ஆனால் அதைவிட ஆயிரம் மடங்கு குறைவிலேயே நீரில் வாழ்கிற மேஃப்ளை பூச்சியின் குஞ்சுகளும் கொசு மாதிரியான பூச்சிகளின் புழுக்களும் விழுந்துவிடும். 48 மணி நேரச் சோதனை நாள்பட்ட தீங்கையும் காட்டாது. அதனால்தான் மீனை எடுத்துவிட்டு இதை வையுங்கள் என்று நான் கேட்கவில்லை, கூட ஒரு கண் வையுங்கள் என்கிறேன்.

செய்ய உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு கழிவுநீருக்கான தரத்தை வகுக்கும் வேலையை மாநில வாரியத்திடம்தான் கொடுத்திருக்கிறது, டெல்லியிலிருந்து தாள் வரக் காத்திருக்க வேண்டாம். தோல், சாயம், பூச்சிக்கொல்லி, மருந்து ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆரம்பியுங்கள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும். சாம்பிளை ஆலைக்காரர் எடுத்துத் தரக்கூடாது, வாரிய ஆள் எடுத்து, ஐஸில் வைத்து, 36 மணி நேரத்துக்குள் சோதனை தொடங்க வேண்டும். முடிவைத் தேறியது, தேறவில்லை என்று எழுதாதீர்கள். எத்தனை மடங்கு நீர்த்தால் பாதி டாஃப்னியா நீந்துகிறது என்று எழுதுங்கள். நாலு மடங்கு என்றால் எந்த விவசாயிக்கும் புரியும், போன தடவை நாலு, இந்தத் தடவை ஒன்பது என்றால் எங்கே போகிறது என்றும் புரியும்.

இன்னொன்று. கோப்பில் குறிப்பு எழுதுவதற்கு முன் உங்களில் யாராவது ஒருவர் ஒரு தடவை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் கூடம் என்றில்லை, டாஃப்னியா வளர்க்கிற எந்தக் கூடமானாலும் சரி. திங்கள் காலை குஞ்சுகளை இறக்கினால் புதன் காலை கடைசி எண்ணிக்கை. பீக்கரை உங்கள் கையாலேயே ஒரு சுழற்று சுழற்றி, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நொடி நில்லுங்கள்.

இப்படிக்கு,
பாலாற்றங்கரையில் பிறந்து வளர்ந்த ஒரு ஆய்வகப் பணியாளர்