சிறு கோரிக்கை மனுவில் பிழை நேர்ந்தால்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிறு தொகைகள் தொடர்பான வழக்குகளை விசாரிக்கும் சிங்கப்பூரின் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள அனுமதியில்லை என்பதால், மனுவை நிரப்புவதும் நாமே, அதில் நேரும் பிழைகளைச் சரிசெய்ய வேண்டியவர்களும் நாமே. பிழை தெரிந்த பிறகு அதைத் திருத்திக்கொள்ள வழியுண்டு என்பதை அறியாமல், எங்கள் புளோக்கில் வசிக்கும் ஒரு மூதாட்டி அண்மையில் தம் மனுவையே திரும்பப் பெற்றுக்கொண்டார். அவருக்கு நியாயமாக வரவேண்டிய பணம் அது. அந்த வருத்தத்தில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறை அலமாரிகளுக்காக ஒரு புதுப்பிப்பு நிறுவனத்திடம் 1,500, 1,500, 800 வெள்ளி (டாலர்) என மூன்று தவணைகளாகப் பணம் கொடுத்தேன். வேலை நடக்கவில்லை; பணமும் திரும்பவில்லை. சிங்பாஸ் என்னும் அரசாங்க மின்னிலக்க அடையாளத்தின் மூலம் இணையத்தில் நுழைந்து மனுவைத் தாக்கல் செய்தேன். கோரிக்கை 5,000 வெள்ளிக்குள் இருந்ததால் கட்டணம் 10 வெள்ளி மட்டுமே.

இரண்டு நாள் கழித்து ரசீதுகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து மறுபடியும் பார்த்தபோது இரண்டு தவறுகள் தெரிந்தன. கடைசித் தவணைக்குக் கடையில் தந்த ரசீதையும், அதே 800 வெள்ளியை வங்கி வழியாக அனுப்பியதற்குக் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த ஸ்கிரீன்ஷாட்டையும் தனித்தனித் தொகைகளாகக் கூட்டி, 3,800 என்பதற்குப் பதிலாக 4,600 என்று எழுதியிருந்தேன். அதைவிடப் பெரிய தவறு பெயரில் இருந்தது. கடையின் பெயர்ப்பலகையில் கண்ட பெயரையே எதிர்மனுதாரர் பெயராகக் கொடுத்திருந்தேன்; ரசீதின் அடியிலோ, பொடி எழுத்தில், ‘பிரைவேட் லிமிடெட்’ என்று முடியும் வேறொரு பெயரும் அதன் யுஇஎன் எனும் நிறுவனப் பதிவு எண்ணும் அச்சாகியிருந்தன.

“தொகை கூடுதலாக இருந்தால் இருக்கட்டும், மன்றமே குறைத்துக்கொள்ளும்” என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதை நான் ஏற்கவில்லை. ஒரு தொகையை இருமுறை கேட்டவர் என்ற எண்ணம் எழுந்துவிட்டால், நாம் சொல்லும் மற்ற உண்மைகளும் சந்தேகத்துக்கு உள்ளாகும். எது தவறு, எப்படி நேர்ந்தது, சரியான விவரம் எது என்பதை ஒரே பக்கத்தில் எழுதி, பதிவாளர் முன்னிலையில் நடக்கும் கலந்தாய்வுக்கு முன்பே திருத்தத்துக்கு அனுமதி கேட்டேன். அனுமதி கிடைத்தது, திருத்திய மனுவை எதிர்த்தரப்புக்கும் சேர்ப்பித்தேன்.

பெயரில் நேரும் பிழையைச் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது. மன்றத்தின் உத்தரவு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமிருந்துதான் பணத்தை வசூலிக்க முடியும் என்பதால், பெயர் தவறிய உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நிறுவனத்தின் வாசலில் நின்று பயனில்லை. பெயர்ப்பலகையை மட்டுமல்ல, நம்மிடம் பேசிய விற்பனையாளரின் பெயரட்டையையும் நம்பக் கூடாது; ஒப்பந்தம் நிறுவனத்தோடு என்றால் எதிர்மனுதாரர் அந்த நிறுவனமே. நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அக்ரா ஆணையத்தின் இணையத்தளத்தில் யுஇஎன் எண்ணை இட்டு இலவசமாகவே பெயரைச் சரிபார்க்கலாம். உள்ளூர் நிறுவனத்தின் எண்ணில் முதல் நான்கு இலக்கங்கள் அது பதிவான ஆண்டைக் குறிக்கும் என்பதை அறிந்திருந்தால், அந்த இலக்கங்களைத் தவறாகப் படியெடுத்திருந்தால் சில சமயம் பிடித்துவிடலாம்.

காலமும் கவனத்துக்குரியது. 2019 நவம்பர் 1 முதல் கோரிக்கை வரம்பு 20,000 வெள்ளியாகவும், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளியாகவும் உயர்ந்தது. மனு செய்வதற்கான காலமும் ஓராண்டிலிருந்து ஈராண்டாக நீண்டது. ஆனால் முற்றிலும் வேறொருவர்மீது மனு செய்துவிட்டால் புதிதாகத் தாக்கல் செய்ய நேரலாம். அதற்குள் ஈராண்டு கடந்துவிட்டால் உரிமையே கைநழுவும். ஆகவே, பிழை கண்ணில் பட்ட அன்றே திருத்தத்துக்கு எழுதிக் கேட்பது நல்லது.

விசாரணையில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் உதவி கிடைக்கிறது, ஆனால் மனுவை ஆங்கிலத்தில்தான் நிரப்ப வேண்டும். முதியவர்களுக்காக அதை நிரப்பித் தரும் பிள்ளைகளும் அண்டைவீட்டாரும், அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு தொகையையும் ரசீதோடு ஒப்பிட்டுத் தமிழில் ஒருமுறை அவர்களுக்கு வாசித்துக் காட்டும்படிக் கேட்டுக்கொள்கிறேன். திருத்தம் கோரும் முறையைத் தங்கள் நாளிதழ் எளிய தமிழில் விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டால், எங்கள் புளோக்கின் அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டிவைக்க நான் ஏற்பாடு செய்வேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஈசூன்